மூச்சுத் திணறும் மருமகள்

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லாரும் நலம். முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் யாரும் யாருக்கும் விஷம் வைக்கவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ நாலு வாக்கியம் பேசி, அழுது, மூக்கைச் சிந்தி, போனையும் வைத்துவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

போன வாரம் வீடியோவில் அத்தை உன்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்கும் கேட்டது. நான் அடுப்படியில்தான் நின்றுகொண்டிருந்தேன். காது மங்கிய பிறகு அத்தை குரலைத் தாழ்த்தினால் கீழ்வீட்டுக்குக் கேட்காது, அவ்வளவுதான் வித்தியாசம். “அந்த மாமியார்க்காரி மருமகளுக்கு டீயில ஏதோ கலந்து குடுக்கிறா. கொஞ்சம் கொஞ்சமா. அந்தப் பொண்ணுக்கு மூச்சு திணறிக்கிட்டே இருக்கு. வீட்ல இத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தருக்காவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு தோணுதா பாரு” என்று சொன்னார்.

நீ பயந்ததில் தப்பே இல்லை. இந்த வீட்டில் மாமியார் என்றால் அது அத்தை ஒருவர்தான். மருமகள் என்றால் நான் ஒருத்திதான். டீ போடுகிறவரும் அத்தைதான். அன்றைக்கே நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணி, கொஞ்ச நாளைக்கு டீயை நீங்களே போட்டுக் குடிங்க” என்று சொன்னபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. உனக்கு என் மேல் இவ்வளவு அக்கறையா என்று மட்டும் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

பிறகு உன் அண்ணனிடம் நீ பேசியதும் தெரியும். அம்மாவுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டது, இனிமேல் என்னோடு இருக்கட்டும், இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார், பகலில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது என்று சொன்னாயாம். அடுத்த மாதக் கடைசிக்கு விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டாயாம், அதுவும் சக்கர நாற்காலி உதவியோடு. நாலு மாடியும் படியேறி வந்து, மேலே நின்றுகொண்டு, மூச்சு வாங்கும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுகிற மனுஷிக்குச் சக்கர நாற்காலி. உன் அண்ணன் இன்னும் அத்தையிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை என்பது உனக்கே தெரியும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அத்தை சொன்னது டிவி சீரியலைப் பற்றி. அந்த மருமகள் நான் இல்லை, சீரியல் கதாநாயகி. அவளுக்கு மூச்சுத் திணற வைத்தது அவள் மாமியாரும் இல்லை. அதைச் செய்தது நான்.

என் வேலை என்ன என்று நீ ஒரு தரம் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் வேறு விஷயத்துக்குத் தாவிவிட்டாய். காது கேளாதவர்கள் படிப்பதற்காகத் திரையின் அடியில் எழுத்து ஓடுமே, அதை எழுதுவதுதான் என் வேலை. வேற்றுமொழி சீரியல்கள் ஆங்கிலத் தாளோடு எங்களிடம் வரும். அதில் பேச்சு மட்டும் இருக்காது, சத்தங்களும் இருக்கும். கதவு சாத்துகிறது, மழை பெய்கிறது, தூரத்தில் நாய் குரைக்கிறது என்று ஒன்றுவிடாமல் குறித்திருப்பார்கள். அவற்றையும் தமிழில் போட வேண்டும். ஆபீசில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு சத்தத்துக்கு ஒரு சொல்தான். ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினால் பார்க்கிறவர்கள் குழம்புவார்கள் என்று, எங்கள் வரிகளைத் திருத்துகிற பெரியவர் ஏற்படுத்திய விதி அது. நாங்கள் எழுதியதில் பாதியை வெட்டிவிடுவதால் அவருக்கு ஆபீசில் கத்தரி என்று பெயர்.

ஆங்கிலத்தில் ‘கேஸ்ப்’ என்று ஒரு சொல் இருக்கிறது. திடீரென்று வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுப்பது. பயந்து இழுத்தாலும் அந்தச் சொல்தான், சந்தோஷத்தில் இழுத்தாலும் அதுதான். தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே தூக்குகிறவன் இழுப்பதும் அதுதான், சாகக் கிடக்கிறவர் இழுப்பதும் அதுதான். நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து யோசித்து, கடைசியில் கத்தரி ‘மூச்சுத் திணறல்’ என்று முடிவு செய்தார். அன்றிலிருந்து யார் எதற்காக மூச்சை இழுத்தாலும் நான் ‘மூச்சுத் திணறல்’ என்றுதான் எழுதிவந்தேன். எங்களுக்கெல்லாம் காது நன்றாகக் கேட்பதால் அதில் என்ன தப்பு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் உன் அண்ணனுக்கு ஒரு போன் வந்தது. அவர் கம்பெனி பராமரிக்கும் ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்ட் பாதியில் நின்று உள்ளே ஒரு குடும்பமே மாட்டிக்கொண்டதாம். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதற்காக டிவி சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டார். அத்தைக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை, அவர் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, முதல்முறையாக என் எழுத்தைச் சத்தமில்லாமல் படித்தேன். கதாநாயகிக்கு மோதிரம் கொடுக்கிறார்கள், மூச்சுத் திணறல். மாமியார் டீ கொண்டுவருகிறாள். பழைய சிநேகிதி கதவைத் திறந்துகொண்டு வருகிறாள், மூச்சுத் திணறல். மறுபடியும் டீ. புருஷன் வெளியூர் போகிறேன் என்கிறான், மூச்சுத் திணறல். இது ஒரு நாள் கதை. இப்படி மாதக்கணக்கில் பார்த்துவந்தால் நீயும் நானும்கூட போலீசுக்குப் போயிருப்போம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உயிருக்குப் போராடும் பெண்ணைப் பார்த்து நான் சிரிப்பதாக நினைத்து அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார் பார், அப்படியே சுருங்கிப்போனேன். டிவியை நிறுத்திவிட்டு அவர் கையை எடுத்து என் விலாவில் வைத்துக்கொண்டேன். உதடு தெரியும்படி நிறுத்திப் பேசினால் அவருக்குப் புரியும். “அவ திணறல அத்தை. இப்படித்தான் செய்றா” என்று சொல்லி, மோதிரத்தைப் பார்த்தவள் போல் மூச்சை இழுத்துக்காட்டினேன். அப்புறம் பாம்பைப் பார்த்தவள் போல், பிறகு பச்சைத்தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டவள் போல். அத்தை முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவர் அல்லவா, கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே கவனித்தார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, “இது சந்தோஷம். இது பயம். இது நடிப்பு” என்றார். மூன்றாவது நான் பச்சைத்தண்ணீருக்குச் செய்தது.

அப்புறம்தான் அவருக்கு விஷயம் முழுவதும் விளங்கியது. சோபாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “அப்ப அந்த மாமியார் நல்லவளா?” என்று கேட்டார். நல்லவள் இல்லை, ஆனால் டீ நல்ல டீதான் என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வார்டில் இருந்தபோது அவர்களும் இதே ஆங்கிலச் சொல்லைத்தான் சொல்வார்களாம். “யாராவது ‘கேஸ்பிங்’னு ஒரு வார்த்தை சொன்னா போதும், சாப்பிட்ட கையோட ஓடுவோம். அதுக்கு எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்” என்றார். பிறகு, மாமாவுக்குக் கடைசி நேரத்தில் அந்த மூச்சு வந்தபோது அது தன் காதில் விழவில்லை என்றும், அவர் மார்பில் கை வைத்திருந்ததால்தான் தெரிந்தது என்றும் சொன்னார். இத்தனை நாள் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. உன் அண்ணனுக்கே தெரியாது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகையால் உன் அம்மாவுக்குப் புத்தி தடுமாறவில்லை. எங்களை எல்லாம் விடத் தெளிவாக இருக்கிறது. தயவுசெய்து அந்த டிக்கெட்டை ரத்து செய். உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல். குளிரில் வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள்.

அன்புடன்,
விஷம் வைக்கப்படாத உன் அண்ணி

*

அன்புள்ள வாயாடிக்கு,

உன் ஒன்றரைப் பக்கம் வந்து சேர்ந்தது. அதில் ஒரு பக்கம் நீ சிரித்திருக்கிறாய், அரைப்பக்கம் என்னை வறுத்தெடுத்திருக்கிறாய். அந்த அரைப்பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

புத்தி சரியாக இருக்கிறது என்பதற்காக டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது என்கிறாய். ஒரு மனுஷி மாதக்கணக்காக மனதுக்குள் ஒரு கொலைக்கதையைக் கட்டி வைத்திருக்கிறாள், அதே வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறாய். “என்னைக்காவது அம்மாகூட உக்காந்து பேசியிருக்கீங்களா அண்ணி?” என்றும் கேட்டிருக்கிறாய். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் நீ கேட்டது நியாயம் என்று பட்டது.

பேசவில்லைதான். அத்தை இங்கே வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, கதவைத் தாழ் போட்டாச்சா என்பதற்கு மேல் நாங்கள் பேசியது குறைவு. உன் அண்ணன் கத்திப் பேசினால் கேட்கும் என்று நினைக்கிறார். அதனால் எங்கள் வீட்டுச் சமாசாரம் அத்தையைத் தவிரக் கட்டடம் முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. காது மெஷின் வாங்கிக்கொடுத்தோம். போட்டுக்கொண்டால் யாரோ தலைக்குள் பாத்திரம் கழுவுவது போல் இருக்கிறதாம், அது அலமாரியில் தூங்குகிறது. சத்தமே போடாமல் வளைய வருகிறவரைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் இப்போது வீடு அப்படி இல்லை. கேள்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு திங்களன்று நேராகக் கத்தரியிடம் போனேன். விதியை மாற்ற வேண்டும் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது சண்டைக்குத் தயாராவதன் அடையாளம். ஒரு வீட்டில் ஒரு அம்மா தப்பாகப் புரிந்துகொண்டதற்காக எல்லாவற்றையும் கலைக்க முடியாது என்றார். அதோடு விடவில்லை. “நம்ம ஆளுங்க எங்கம்மா இப்படி மூச்சை இழுக்கிறாங்க? ஐயையோன்னு கத்துவாங்க, இல்லன்னா அம்மாடின்னு நெஞ்சுல கை வெப்பாங்க. நம்மகிட்ட இல்லாத பழக்கத்துக்கு நான் எங்க போய்ச் சொல் தேடுவேன்?” என்று என்னையே கேட்டார். ஆபீசில் பாதிப் பேர் அதை ஒத்துக்கொண்டார்கள். நான் விடவில்லை. வார விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து பத்துப் பாகம் சத்தமில்லாமல் பாருங்கள் சார், அப்புறம் நீங்கள் சொல்கிறபடி கேட்கிறேன் என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை கைப்பையைக்கூட வைக்காமல் என் மேஜைக்கு வந்து நின்றார். “அந்த டீயில என்னம்மா இருக்கு?” என்றார்.

நான் சிரிக்காமல் இருக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். அன்றைக்கே விதி போயிற்று. இப்போது ஒவ்வொரு இடத்திலும் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும், சத்த வரிக்கு மூன்று சொல்லுக்கு மேல் போகவும் கூடாது. நான் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். பிரிட்ஜ் கதவில் பால் கணக்குக்காக மாட்டியிருந்த வெள்ளைப் பலகை இப்போது சோபாவுக்கு வந்துவிட்டது. அதில் நான் எழுதிக்காட்டுவேன், அவர் அழிப்பார். திடுக்கிடுகிறாள், தூக்கிவாரிப் போடுகிறது, மூச்சு வாங்குகிறது, மூச்சடைத்துப் போகிறாள், விக்கித்து நிற்கிறாள் என்று நம்மிடம் இத்தனை இருக்கும்போது ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறோம்.

மோதிரம் கொடுக்கிற இடத்தில் ‘வாயைப் பிளக்கிறாள்’ என்று எழுதினேன். அத்தை ஒரே துடைப்பில் அழித்துவிட்டார். “வாய் பிளந்தது எனக்கே தெரியுதே, அதை நீ வேற எதுக்கு எழுதுற? எனக்குத் தெரியாததை எழுது” என்றார். அது நல்ல யோசனை. எல்லா யோசனையும் அப்படி இல்லை. ஒரு இடத்தில் ‘பயத்தில் நாடித்துடிப்பு அதிகம்’ என்று போடச் சொன்னார். நாடித்துடிப்பு சத்தம் இல்லை அத்தை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நான் எழுதி அனுப்பினேன், கத்தரி வெட்டி அனுப்பினார், அத்தை கத்தரியின் பேரில் இன்னும் மனத்தாங்கலாக இருக்கிறார்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஒரு காட்சியில் கதாநாயகி தன் அப்பாவிடம் ரகசியம் சொல்கிறாள், எவனோ ஒருவன் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்து கேட்டுவிட்டு மூச்சை இழுக்கிறான். ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டான், சத்தம் மட்டும்தான். நான் அதற்கும் வெறும் ‘மூச்சுத் திணறல்’ என்று எழுதிவைத்திருந்தேன். அதுவும் கதாநாயகிக்குத்தான் வந்தது என்று அத்தை அவள் கணக்கில் சேர்த்துவிட்டார். இப்போது ‘திரைக்குப் பின்னால் மூச்சொலி’ என்று மாற்றியதைக் காட்டினேன். “அடப்பாவி, அங்க ஒருத்தன் இருந்தானா” என்று எழுந்தே நின்றுவிட்டார். இத்தனை நாள் எத்தனை பேரிடம் எத்தனை கதையைத் திருடியிருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கத்தரி காதுக்கு இதெல்லாம் எட்டி, வெளியே அனுப்புவதற்கு முன் சத்தமில்லாமல் பார்த்துச் சொல்ல அத்தையே வரட்டும் என்றார். செவ்வாய்க்கிழமைதோறும் அத்தை என்னோடு பஸ்ஸில் ஆபீசுக்கு வருகிறார். ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். முதல் நாள் அதில் உட்கார்ந்ததும், தூசி இருக்கிறது என்று துணி கேட்டார். இரண்டாம் நாள் எல்லாருடைய மாத்திரைகளையும் வாங்கிப் பார்த்து இரண்டு பேரைத் திட்டினார். பஸ்ஸில் திரும்பும்போது உன் சின்ன வயசுக் கதைகளைச் சொல்கிறார், முழுக் குரலில். நீ மூன்றாம் வகுப்பில் டீச்சர் நாற்காலியில் பசை தடவியது எங்கள் தடத்துக் கண்டக்டருக்கும் தெரியும்.

இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு யோசித்துப் பதில் எழுது. நீ கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் வேறு பதில் இருக்கிறது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள். இரவு ஷிப்ட் இருந்தால் பகலில் தூங்கு.

அன்புடன்,
உன் அண்ணி

*

அன்புள்ள வாயாடிக்கு,

நீ போனில் சொன்னது சரிதான். நீயும் நானும் உன் அண்ணனும் மாறிமாறிப் பேசிக்கொண்டிருக்கிறோம், போக வேண்டியவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. நாள் நெருங்குகிறது, அம்மாவிடம் சொல்லி என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள் என்றாய். நேற்று ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிட்டோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் பக்கம் ஏற்றி எழுத மாட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உன் அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அவர் கனைப்பு அத்தைக்குக் கேட்காது என்பதால் அந்த ஆரம்பம் வீணாகப் போயிற்று. கடைசியில் என்னிடம் பலகையைத் தள்ளினார். நான் எழுதினேன்: ‘உங்க பொண்ணு உங்களைத் தன்னோட வந்து இருக்கச் சொல்றா. டிக்கெட் எடுத்துட்டா.’ அத்தை கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

படித்து முடித்ததும் அவர் வாய் கொஞ்சம் திறந்தது. மூச்சு ஒரு சத்தத்தோடு உள்ளே போனது. போன மூச்சு உடனே திரும்பி வரவில்லை. பலகையைப் பிடித்தபடியே இருந்தார்.

பல வாரமாக இதையே கேட்டுக் கேட்டுச் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன், என்ன மூச்சு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. உன் அண்ணன் என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்து, “பாத்தியா, எவ்வளவு சந்தோஷம்” என்றார். எனக்கு அது பயமாகப் பட்டது. ஆனால் எனக்குப் பயமாகப் பட வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் என் காதை நம்பி நீ எந்த முடிவும் எடுக்காதே.

கொஞ்ச நேரம் கழித்து அத்தையே அடுப்படிக்கு வந்தார். “நான் ஏதாவது சத்தம் போட்டேனா?” என்று கேட்டார். லேசாக என்று கையால் காட்டினேன். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். தன் சத்தம் தனக்கே கேட்காததால் கேட்டார். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் பாத்திரத்தைக் கழுவுவது போல் திரும்பிக்கொண்டேன். உதட்டைப் பார்த்தால்தானே அவருக்குப் புரியும், திரும்பிக்கொண்டது அநியாயம்தான்.

அப்புறம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று. “செவ்வாக்கிழமை எனக்கு ஆபீஸ் இருக்கே.”

இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன், அத்தையும் சிரித்தார். போக மாட்டேன் என்பதை அவர் இப்படிச் சொல்கிறார் என்று எழுதி இந்தக் கடிதத்தை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் சாயங்காலம் அலமாரி மேலிருந்து கம்பளிச் சட்டையை இறக்கி வெயிலில் போட்டார். உன் வீட்டில் எந்தப் பக்கம் ஜன்னல், நீ வேலைக்குக் கிளம்பும்போது வெளிச்சம் வந்திருக்குமா, காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகிறாயா என்று என்னிடம் கேட்டார். உன்னைப் பற்றி இவ்வளவு கேட்க வேண்டியிருந்தும் அவர் வீடியோவில் ஏன் கேட்பதில்லை என்று கேட்டேன். “அவ வேகமாப் பேசுவா. படம் வேற நின்னு நின்னு போகும். உதடு ஓடிடும். நான் தலையாட்டிக்குவேன்” என்றார். இத்தனை நாள் உன்னிடம் அவர் ஆட்டிய தலையெல்லாம் அப்படி ஆட்டியதுதான். நீ கோபித்துக்கொள்ளாதே. அவருக்கு உன் முகம் பார்த்தால் போதுமாக இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுவரை சொல்லத் தயங்கினேன். மாமா போன சமயத்தில் உன்னால் வந்துசேர முடியவில்லை. அதற்காகத்தான் இப்போது அம்மாவை உன் கண் முன்னால் வைத்துக்கொள்ளத் துடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அத்தை அதை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. பஸ்ஸில் அவர் ஊருக்கெல்லாம் சொல்லும் கதையில் நீ எப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாய். நீ அந்தப் பாரத்தை இறக்கி வை.

என் விருப்பத்தைக் கேட்டால், எனக்கு அவர் வேண்டும். சுற்றிவளைக்காமல் எழுதிவிட்டேன். ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்துவிட்டு, இப்போதுதான் நாங்கள் பேச ஆரம்பித்திருக்கிறோம். எனக்கு இன்னும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் நான் மருமகள், நீ பெற்ற மகள். உனக்கும் வேண்டும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

ஆகையால் நீ வா. அவரை அனுப்புவதற்கு முன் நீ ஒரு தரம் வந்துவிட்டுப் போ. லீவு கிடைக்காது என்று சொல்லாதே, கேட்டுப் பார். அந்த டிக்கெட்டில் பேரை மாற்ற மாட்டார்கள் என்றால் அது போனால் போகட்டும், உனக்கு ஒன்று எடு. எதிரே உட்கார்ந்து, மெதுவாக, உதடு தெரியும்படி, என்னோடு வருகிறாயா அம்மா என்று நீயே கேள். வருகிறேன் என்று அவர் உன்னிடம் சொன்னால் நானே பெட்டி அடுக்கித் தருகிறேன். அழாமல் அடுக்குவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நீ வருகிற நாளை அத்தையிடம் சொல்லப் போவதில்லை. கதவைத் தட்டாதே, மணியும் அடிக்காதே, அவருக்குக் கேட்காது. நான் திறந்து வைத்திருப்பேன். நேராக உள்ளே வந்து அவர் கண்ணில் படு. அப்போது உன் அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வரும். அதை நான் எழுதி உனக்கு அனுப்ப முடியாது, நீதான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

நீயும் உன் வீட்டுக்காரரும் குறைவில்லாமல் இருங்கள். வழியில் நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, பத்திரமாக வந்து சேர்.

உன்னை எதிர்பார்க்கும்,
அண்ணி